பெருமாளுக்கு ஒரு டெஸ்ட், வைரஸுக்கு மூன்று

1371-ல் ஸ்ரீரங்கத்தில் ஒரு நிர்வாகச் சிக்கல். பெருமாள் இரண்டு பேர் ஆகிவிட்டார்.

நடந்தது இதுதான். 1323-ல் டில்லியிலிருந்து உலூக் கான் படையோடு வந்தார். பிற்காலத்தில் முகமது பின் துக்ளக் என்று பெயர் வைத்துக்கொண்டு, தலைநகரைத் தூக்கிக்கொண்டு அலைந்து, அறுநூறு சொச்சம் வருஷம் கழித்துச் சோவுக்கு ஒரு நாடகமும் ஒரு பத்திரிகையும் தானம் செய்த அதே ஆள். மூலவர் படுத்திருக்கிறார், அவரை எழுப்பி அழைத்துப் போவது ஆகிற காரியமில்லை. முன்னால் ஒரு சுவர் எழுப்பி மறைத்தார்கள். உற்சவரைப் பிள்ளை லோகாசாரியர் ரகசியமாகத் தெற்கே கிளப்பிக்கொண்டு போனார். ஆசாரியருக்குத் தள்ளாத வயது. மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியோடு அவர் பயணம் முடிந்தது. பெருமாளுக்கு முடியவில்லை. கோழிக்கோடு, மேல்கோட்டை, திருப்பதி என்று 48 வருஷம் வெளியூர் டியூட்டி.

அதுவரை இங்கே உற்சவம் நடக்க வேண்டாமா? இன்னொரு உற்சவரை எழுந்தருளப்பண்ணி வைத்தார்கள். 1371-ல் விஜயநகரத்துத் தளபதி கோபண்ணா செஞ்சியிலிருந்து பழையவரைக் கூட்டிவந்து நிறுத்தியபோது ஊர் திருதிருவென்று விழித்தது. வந்தவர் அசல் என்றது ஒரு கட்சி, இருப்பவர்தான் அசல் என்றது இன்னொரு கட்சி. பழையவரைக் கண்ணால் பார்த்தவர்கள் எல்லாம் பரமபதம் போயாகிவிட்டது. இரண்டு பெருமாளிடமும் ரேஷன் கார்டு இல்லை.

கடைசியில் அகப்பட்ட ஒரே சாட்சி ஈரங்கொல்லி. கோயில் துணி வெளுக்கிற கிழவர். சாட்சிக்கு என்ன தகுதி வேண்டுமோ அது மட்டும் அவரிடம் இல்லை, கண் தெரியாது. ஆனால் அந்தக் காலத்தில் பெருமாள் உடுத்திக் களைந்த ஈரத்துணியைப் பிழிந்து தீர்த்தமாகக் குடித்து வளர்ந்த நாக்கு அவருடையது. இரண்டு பேருக்கும் திருமஞ்சனம் செய்யச் சொன்னார். இரண்டு ஈரவாடைத் தீர்த்தத்தையும் வாங்கிக் குடித்தார். ஊர் மூச்சுவிடாமல் நின்றது. வந்தவரைக் காட்டி, ‘இவரே நம்பெருமாள்’ என்றார். பெயரும் அதுவே நிலைத்தது. தோற்றவரை யாரும் வெளியே அனுப்பவில்லை. திருவரங்கமாளிகையார் என்று அவரும் உள்ளேயே இருக்கிறார். ஸ்ரீரங்கத்தில் யாரையும் அவ்வளவு சுலபமாக வேலையை விட்டு எடுத்துவிட முடியாது.

கோயிலொழுகு சொல்லும் இந்தக் கதையைப் பக்தர்கள் கண்ணில் நீரோடு கேட்பார்கள். எனக்கு அது ஒரு லேப் ரிப்போர்ட். சாம்பிள்: ஈரத்துணி. கருவி: ஒரு கிழவரின் நாக்கு. ரிசல்ட்: ஒன்று பாசிடிவ், ஒன்று நெகடிவ். இரண்டாவது கருத்துக் கேட்க ஆளில்லை. எந்த டெஸ்டுக்கும் உள்ள அடிப்படை விதி இதில் இருக்கிறது: ஏற்கெனவே பழகியதைத்தான் டெஸ்ட் அடையாளம் காணும். பழகாத பெருமாள் நேரில் வந்து நின்றாலும் நெகடிவ்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் எச்.ஐ.வி.யின் சரித்திரம் சுலபமாகப் புரியும்.

பாரிஸ் பெருமாள், அமெரிக்கப் பெருமாள்

1983-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபிரான்சுவாஸ் பாரே-சினூசி, லூக் மோந்தாஞ்யே ஆகியோரின் குழு ஒரு வைரஸைப் பிடித்தது. எல்.ஏ.வி. என்று பெயர் வைத்தார்கள். நல்ல மனசோடு அமெரிக்காவில் ராபர்ட் கேலோவின் ஆய்வகத்துக்கும் கொஞ்சம் அனுப்பிவைத்தார்கள். அடுத்த வருஷம் அமெரிக்க அரசு பத்திரிகையாளர்களைக் கூட்டி, எய்ட்ஸ் வைரஸை எங்கள் கேலோ கண்டுபிடித்துவிட்டார் என்று அறிவித்தது. அவர் வைத்த பெயர் எச்.டி.எல்.வி.-3. இரண்டு ஆய்வகம், இரண்டு பெயர், இரண்டு பெருமாள்.

எது அசல்? இங்கே தீர்த்தம் குடிக்க ஆள் தேவைப்படவில்லை; வைரஸே காட்டிக்கொடுத்தது. எச்.ஐ.வி.யின் மரபணு ஏறக்குறைய 9,700 எழுத்து நீளம். தன்னைப் பிரதி எடுக்கும்போது எழுத்துப் பிழை விடுவதில் அதற்கு இணையில்லை. பிழை திருத்தும் ஏற்பாடே அதனிடம் கிடையாது. சிகிச்சை எடுக்காத ஒருவர் உடம்பில் நாளொன்றுக்கு ஆயிரம் கோடி வைரஸ் பிறக்கிறது. சில பிரதிக்கு ஒரு பிழை என்று வைத்தாலும், சாயங்காலத்துக்குள் சாத்தியமான ஒற்றை எழுத்துப் பிழைகள் எல்லாமே எங்காவது ஓரிடத்தில் நடந்து முடிந்திருக்கும். அதனால் வெவ்வேறு ஆட்களிடமிருந்து எடுத்த வைரஸ் வேறுபட்டே தீர வேண்டும். 1985-ல் எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தால் பாரிஸ் வைரஸுக்கும் கேலோ வைரஸுக்கும் நூற்றுக்கு இரண்டு எழுத்துகூட வித்தியாசம் இல்லை. பரீட்சைப் பேப்பரில் பக்கத்துப் பெஞ்சுப் பையனின் தப்பும் சேர்ந்து வந்தால் வாத்தியாருக்கு என்ன தோன்றுமோ அதுதான் உலகத்துக்கும் தோன்றியது.

விவகாரம் ஜனாதிபதி ரீகன், பிரதமர் ஷிராக் வரைக்கும் போய், 1987-ல் இருவரும் உட்கார்ந்து ஆளுக்குப் பாதி என்று பஞ்சாயத்து செய்தார்கள். ஒரு வைரஸுக்காக இரண்டு நாட்டுத் தலைவர்கள் பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை. 1991-ல் தன் வைரஸ் பாரிஸிலிருந்து வந்ததுதான் என்று கேலோ ஒப்புக்கொண்டார். வேடிக்கை அதோடு முடியவில்லை. பாரிஸ்காரர்கள் ‘ப்ரூ’ என்ற நோயாளியுடையது என்று நினைத்து அனுப்பியது உண்மையில் ‘லாய்’ என்ற வேறொரு நோயாளியின் வைரஸ். சொந்த ஆய்வகத்திலேயே ஒன்று இன்னொன்றில் கலந்திருந்தது. இரண்டு கட்சிக்கும் தன் பெருமாள் யார் என்று தெரிந்திருக்கவில்லை. 2008-ல் நோபல் பரிசு பாரிஸுக்குப் போனது, கேலோவுக்கு இல்லை.

இந்தக் குடுமிப்பிடியில் நமக்கு என்ன என்றால், இருக்கிறது. அந்த ‘லாய்’ வைரஸிலிருந்து கேலோ ஆய்வகம் வழியாக வந்த ஒரு நகலுக்கு எச்.எக்ஸ்.பி.2 என்று பெயர். இன்றுவரை உலகத்தில் எந்த எச்.ஐ.வி. மரபணுவைப் படித்தாலும் இடத்தை எண்ணுவது அதை வைத்துத்தான். மணப்பாறைக்காரர் ஒருவருடைய ரத்தத்தில் மருந்துக்கு மசியாத மாற்றம் 103-ஆம் இடத்தில் என்று ரிப்போர்ட் வந்தால், அந்த 103 பாரிஸ்காரர் ஒருவருடைய வைரஸில் எண்ணிய 103. அது ‘பி’ உட்பிரிவு: அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் பரவிய வகை. பணக்கார நாட்டு வைரஸ் மூலஸ்தானத்தில் உட்கார்ந்துவிட்டது. மற்றதெல்லாம் பிராகாரம்.

மெட்ராஸ் ஒழுக்கமான ஊர்

அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது இந்தியாவில் எய்ட்ஸ் இல்லை. தேடவில்லை, ஆகவே இல்லை. வந்தால் பம்பாய்க்கு வரும், மெட்ராஸுக்கு ஏன் வருகிறது என்பது பொதுக்கருத்து. பம்பாயை மெட்ராஸ் பார்த்த பார்வையில் மெட்ராஸைத் திருச்சி பார்த்தது. திருச்சியை ஸ்ரீரங்கம் பார்த்தது. காவிரிப் பாலம் தாண்டி எந்தக் கெட்டதும் வராது என்ற நம்பிக்கைக்கு 1323 ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆய்வுக்கு ஒரு தலைப்பு வேண்டியிருந்தது. பேராசிரியர் சுனிதி சாலமன் எய்ட்ஸைக் கொடுத்தார்.  எங்கே போவது, யாரிடம் ரத்தம் எடுப்பது, எல்லாம் மாணவியின் பாடு. பாலியல் தொழில் செய்த பெண்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்த விஜிலென்ஸ் ஹோமுக்குப் போய் ஒவ்வொருவராகப் பேசி எண்பதுக்கு மேல் சாம்பிள் சேர்த்தார். மெட்ராஸில் அதைப் பரிசோதிக்க வசதி இல்லை. சீரம் குழாய்கள் அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் தங்கின. தோசை மாவு எந்தத் தட்டில் இருந்தது என்று எந்த ஆய்வறிக்கையும் பதிவு செய்யவில்லை.

1986 பிப்ரவரியில் ஒரு ராத்திரி, ஐஸ் பெட்டியில் சாம்பிள்களை வைத்து, கணவர் ராமமூர்த்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ரயிலேறினார். காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடித்து வேலூர் சி.எம்.சி. அங்கே ஜேக்கப் ஜானின் ஆய்வகம். ஜார்ஜ் பாபு உதவிக்கு. சோதனை நடுவில் இருக்கும்போது தமிழ்நாட்டு மரபுப்படி கரண்ட் போனது. எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து சோதனைத் தட்டின் மூடியைத் திறந்தால் ஆறு குழிகள் மஞ்சளாகி இருந்தன, அதாவது பாசிடிவ். திறந்தவர் சட்டென்று மூடிவிட்டார். மூடினால் நிறம் போய்விடுமா? மறுபடி செய்தார்கள்; மறுபடியும் மஞ்சள். அமெரிக்காவில் இன்னொரு முறைப்படி உறுதி செய்தார்கள். மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். அதே மே மாதம்தான் ஹெரால்ட் வார்மஸ் தலைமையிலான ஒரு கமிட்டி, பாரிஸ் பெயரும் வேண்டாம், அமெரிக்கப் பெயரும் வேண்டாம் என்று ‘எச்.ஐ.வி.’ என்ற பெயரை வெளியிட்டது. வைரஸுக்குப் பெயர்சூட்டு விழாவும் தமிழ்நாட்டில் கிரகப்பிரவேசமும் ஒரே மாதம்.

அந்தக் காலத்து டெஸ்ட் கிட்கள் பெரும்பாலும் ஆய்வகத்தில் வளர்த்த ‘பி’ வகை வைரஸை நசுக்கிப் பூசித் தயாரானவை. நம் ஊர்ப் பெண்களின் ரத்தத்தில் இருந்தது எந்த உட்பிரிவு என்று அப்போது யாரும் பார்க்கவில்லை; உட்பிரிவு என்ற பேச்சே பிறக்கவில்லை. எந்த வகையாக இருந்தாலும் கிட் மஞ்சளானது. காரணம், வகைகள் வெளித்தோற்றத்தில் எவ்வளவு மாறினாலும் உள்ளே சில புரதங்கள் குடும்பச் சாயல் விடாமல் இருக்கும். உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி அந்தச் சாயலைப் பிடித்துக்கொள்ளும். அது நம் அதிர்ஷ்டம். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நாடு தழுவிய அசட்டுத்தனம்

வைரஸ் தன் எழுத்தை மாற்றிக்கொண்டிருந்தபோது நாம் அடுத்தவர் நடத்தையை ஆராய்ந்துகொண்டிருந்தோம். 1988-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் ஏ.எஸ். பைந்தல் ஒரு தீர்வு சொன்னார்: வெளிநாட்டவரோடு உடலுறவு கொள்வதைச் சட்டம் போட்டுத் தடை செய்ய வேண்டும். நுரையீரல் நரம்புகளைப் பற்றி உலகம் மதிக்கும் கண்டுபிடிப்பு செய்த விஞ்ஞானி அவர். அந்தச் சட்டத்தை அமல்படுத்த எந்த இலாகா, இன்ஸ்பெக்டர் எந்த நேரத்தில் கதவைத் தட்டுவார் என்பதை மட்டும் சொல்லவில்லை. மெட்ராஸில் பாசிடிவ் என்று வந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் ஹோமை விட்டு வெளியே விடவில்லை. பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் வழக்குப் போட்டு, 1990-ல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. ரத்தம் கொடுத்து நாட்டுக்கே தகவல் சொன்னவர்களுக்கு நாடு செய்த மரியாதை அது.

திருச்சி தன் பங்குக்குச் செய்தது சலூன் புரட்சி. அரை பிளேடில் பத்து மோவாய் பார்த்த கடைகளில் திடீரென்று ‘புது பிளேடு போடுப்பா’ என்ற குரல் கேட்டது. தமிழ்நாட்டின் பொதுச் சுகாதார வரலாற்றில் ஒரு பைசா அரசுச் செலவில்லாமல் நடந்த ஒரே சீர்திருத்தம். அடுத்து கொசு. கடித்தால் வருமா என்று எல்லா விழிப்புணர்வுக் கூட்டத்திலும் ஒருவர் எழுந்து கேட்பார். கொசு வயிற்றுக்குள் அந்த வைரஸ் பெருகாது, ஜீரணமாகிவிடும். ஒருவரிடம் குடித்த ரத்தத்தைக் கொசு அடுத்தவருக்குள் ஊற்றுவதும் இல்லை என்று டாக்டர் விளக்குவார். இதற்கு விஞ்ஞானமே வேண்டாம். கொசுவால் வருமென்றால் அம்மா மண்டபத்துக்கும் கொள்ளிடக் கரைக்கும் நடுவில் ஒரு ஜீவன் மிஞ்சியிருக்காது.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் மாதம் ஒரு தேதியில் அறையெடுத்து உட்காரும் வைத்தியர்களுக்கும் அது பொற்காலம். நோட்டீஸில் மூலம், பவுத்திரம், ஆண்மைக்குறைவு என்ற வரிசையின் வாலில் எய்ட்ஸும் சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே லேகியம். உட்பிரிவு வித்தியாசம் பார்க்காமல் எல்லா வைரஸையும் சமமாக நடத்திய ஒரே மருந்து அதுதான். எதையும் அது ஒன்றும் செய்யவில்லை.

வைரஸின் கோத்திரம்

விஞ்ஞானிகள் அதற்குள் வைரஸுக்குக் கோத்திரம் பிரித்தார்கள். முதலில் இரண்டு வம்சம். எச்.ஐ.வி.-1 சிம்பன்சியிடமிருந்தும் கொரில்லாவிடமிருந்தும் வந்தது, எச்.ஐ.வி.-2 மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மங்கபே குரங்கிடமிருந்து. முதல் வம்சத்தில் எம், என், ஓ, பி (P) என நான்கு பிரிவு. உலகம் முழுக்கப் பரவியது ‘எம்’. கேமரூனின் தென்கிழக்குக் காட்டில் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கின்ஷாசாவில் ஊன்றிக்கொண்டது. அதில் ஏ, பி, சி, டி என்று உட்பிரிவுகள். இ, ஐ இரண்டையும் வரிசையில் தேடாதீர்கள். கலப்பு என்று தெரிந்ததும் பதவி பறிபோய்விட்டது. இரண்டு உட்பிரிவு ஒரே ஆளுக்குள் சந்தித்தால் பாதி அது பாதி இது என்று புது வாரிசு பிறக்கும். பேர் பெற்ற கலப்புகள் நூறைத் தாண்டிவிட்டன. கோத்திரம் பார்க்காமல் சம்பந்தம் செய்துகொள்வதில் வைரஸ் நம்மைவிட முற்போக்கு.

உலகத்தில் எச்.ஐ.வி. உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் இருப்பது ‘சி’. மூலஸ்தானத்தில் உட்கார்ந்த ‘பி’ சுமார் பத்தில் ஒரு பங்குதான். இந்தியாவில் மிகப்பெரும்பாலும் ‘சி’. மணிப்பூர்ப் பக்கம் தாய்லாந்து வழி வந்த ‘பி’ கொஞ்சம், புனேயில் ‘ஏ’யும் ஏ-சி கலப்பும் கொஞ்சம். நம்முடைய ‘சி’ 1970-களில் தென்னாப்பிரிக்கப் பகுதியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று மரபணுக் கணக்குகள் சொல்கின்றன. அதாவது, மெட்ராஸின் ஒழுக்கம் பற்றிச் சட்டசபை கவலைப்படத் தொடங்கியபோது அது வந்து ஒரு மாமாங்கம் ஆகியிருந்தது.

இனி டெஸ்டுக்கு வருவோம். 1994-ல் ஃபிரான்ஸில் ஒரு தர்மசங்கடம். கேமரூன் பக்கத்து ‘ஓ’ பிரிவு வைரஸ் உள்ள சிலருடைய ரத்தத்தைச் சில கிட்கள் சுத்தம் என்று சொல்லிவிட்டன. ‘எம்’ மட்டுமே பழகிய நாக்குக்கு ‘ஓ’வின் ருசி தெரியவில்லை. கம்பெனிகள் அவசரமாக ‘ஓ’வின் புரதத்தையும் கிட்டில் சேர்த்தன. எச்.ஐ.வி.-2-க்கும் அதுவே கதை. 1991-ல் அது பம்பாயில் பதிவானது. சீக்கிரமே தமிழ்நாட்டிலும் தென்பட்டது. ஒன்றுக்கு மட்டும் செய்த கிட் இரண்டைத் தவறவிடும் என்பதால் இரண்டின் புரதத்தையும் ஒரே பட்டையில் வைத்தார்கள். உடனே அடுத்த குழப்பம்: இரண்டு கோடும் தெரிந்தால் இரண்டும் இருக்கலாம், அல்லது ஒன்றின் ஆன்டிபாடி சாயலில் மயங்கி மற்றதிலும் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

ஆகவே திருச்சி புத்தூர் பெரியாஸ்பத்திரியில் நம்பிக்கை மையத்துக்குப் போய் நிற்பவருக்கு ஒரு டெஸ்டில் பாசிடிவ் சொல்லமாட்டார்கள். முதல் கிட் ரியாக்டிவ் என்றால் வேறு தயாரிப்பில், வேறு புரதமோ வேறு முறையோ உள்ள இரண்டாவது கிட், பிறகு மூன்றாவது. மூன்றும் ஒத்துப்போனால்தான் முடிவு. எச்.ஐ.வி.-2 என்று சந்தேகம் வந்தால் அதற்கென்று உள்ள ஆய்வகத்தில் மறுபடி. ஒரே கிழவர் சொல்லுக்கு ஊரே கட்டுப்பட்ட இடத்திலிருந்து மூன்று பேர் தனித்தனியாகச் சொல்லவேண்டும் என்ற இடத்துக்கு வர நமக்கு அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் என்று எண்ணும் வைரல் லோட் டெஸ்டும் ஆரம்பத்தில் ‘பி’யின் எழுத்தைப் பார்த்து எழுதியதுதான். முதல் தலைமுறைக் கருவி ஒன்று ‘ஏ’, ‘ஜி’ போன்ற வகைகளைக் குறைத்து எண்ணியது. பிறகு திருத்தினார்கள். எச்.ஐ.வி.-1-ஐ எண்ணும் கருவியிடம் எச்.ஐ.வி.-2-ஐக் கொடுத்தால் இன்றைக்கும் பூஜ்யம் என்று சொல்லும். நோயாளி மெலிந்துகொண்டே போவார். காகிதத்தில் அவர் கிண்ணென்று இருப்பார்.

ஒரு எழுத்து வித்தியாசம்

மாத்திரையில்தான் எழுத்துப் பிழையின் முழு விஷமும் தெரியும். 2001-ல் சிப்ளாவின் யூசுஃப் ஹமீத், ஆளொன்றுக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். மேல்நாட்டுக் கம்பெனிகளுக்கு நெஞ்சுவலி வந்தது. அதற்கும் அவர்களிடம் விலை உயர்ந்த மருந்து இருந்திருக்கும். 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது. நாள் தேர்வைப் பார்த்து நம்பாதவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் மாத்திரை நிஜம். தமிழ்நாட்டின் பெரிய மையம் தாம்பரம் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி விடிகாலையில் தாம்பரத்தில் இறங்குவதில் ஒரு சௌகரியம், ஊரில் யாருக்கும் தெரியாது. ஒரு அசௌகரியம், பக்கத்துத் தெருக்காரரும் அதே கணக்குப் போட்டிருப்பார். இரண்டு பேரும் சொந்தக்காரரைப் பார்க்க வந்திருப்பார்கள்.

அந்தக் கூட்டு மருந்தில் ஒன்று நெவிரபின் அல்லது எஃபாவிரென்ஸ். வைரஸ் பிரதி எடுக்கப் பயன்படுத்தும் நொதியில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. மருந்து அதில் போய் உட்கார்ந்தால் நொதி நின்றுவிடும். எச்.ஐ.வி.-2-இன் நொதியில் பிறவியிலேயே அந்தப் பள்ளத்தின் அமைப்பு வேறு. மருந்துக்கு உட்கார இடமில்லை. எச்.ஐ.வி.-2 உள்ளவருக்கு வகை தெரியாமல் இதைக் கொடுத்தால், மூன்று மருந்து சாப்பிடுவதாக அவர் நினைப்பார். இரண்டுதான் வேலை செய்யும். எந்த வகை என்ற கேள்வி பட்டம் வாங்குவதற்கான ஆராய்ச்சி இல்லை, உயிர் சமாசாரம் என்பது அங்கே புரியும்.

‘சி’க்கும் ஒரு தனிக் குறும்பு. நொதியின் 106-ஆம் இடத்தில் ‘பி’, ‘சி’ இரண்டுமே வேலின் என்ற அமினோ அமிலத்தைத்தான் வைத்திருக்கின்றன. எழுதும் விதம் மட்டும் வேறு: ‘பி’ அதை ஜி-டி-ஏ என்று எழுதும், ‘சி’ ஜி-டி-ஜி என்று எழுதும். அர்த்தம் ஒன்று, ஸ்பெல்லிங் இரண்டு. எஃபாவிரென்ஸை ஏமாற்ற அந்த இடத்தில் மெத்தியோனின் வேண்டும். அதன் ஸ்பெல்லிங் ஏ-டி-ஜி. ‘பி’ அங்கே போக இரண்டு எழுத்து மாற வேண்டும். ‘சி’க்கு முதல் எழுத்து ஒன்று மாறினால் போதும். நாளுக்கு ஆயிரம் கோடிப் பிரதி எடுக்கும் ஆசாமிக்கு அது ஒரு வேலையா? மான்ட்ரியாலில் ப்ளூமா ப்ரென்னரின் குழு 2003-ல் இதை எடுத்துச் சொல்லும்வரை, ‘பி’ நோயாளிகளைப் பார்த்து எழுதிய பட்டியல்களில் இந்த மாற்றத்துக்குப் பெரிய மரியாதை இல்லை. உலகத்தில் பாதிப்பேருடைய வைரஸ் செய்யும் தந்திரத்தை, பத்தில் ஒருவருடைய வைரஸை வைத்து ஊகித்துக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் வைரஸின் சாமர்த்தியம் என்று நினைத்தால் தப்பு. அதற்கு மூளை கிடையாது. மாத்திரை ரத்தத்தில் நிறைந்திருக்கும்வரை பிரதியே எடுக்க முடியாது. பிரதி இல்லையென்றால் பிழையும் இல்லை. திருவிழா, கல்யாணம், வெளியூர் என்று நாம் மாத்திரையை விட்டுவிட்டுப் போகிற நாட்களில்தான் அதற்கு எழுத வாய்ப்பு. 2020 வாக்கில் நம் அரசு மையங்களில் டொலுடெக்ராவிர் சேர்ந்த ஒற்றை மாத்திரை வந்தது. அது வேறொரு நொதியைப் பிடிக்கிறது. பி, சி வித்தியாசம் அதற்குப் பொருட்டில்லை, எச்.ஐ.வி.-2-உம் அதற்கு அடங்கும், ஒரு எழுத்தை மாற்றி அதை ஏமாற்றுவதும் கஷ்டம். லாட்ஜ் வைத்தியர் நோட்டீஸில் எழுதியதை ஒருவழியாக விஞ்ஞானம் செய்து காட்டியது.

புள்ளிராஜா

2003-ஐ ஒட்டித் தமிழ்நாட்டுச் சுவர்களிலும் பெரிய பலகைகளிலும் ஒரு கேள்வி முளைத்தது: ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ யார் இந்தப் புள்ளிராஜா, எந்த ஊர், எந்தப் படத்து ஹீரோ, ஒருவருக்கும் தெரியவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து காந்தி மார்க்கெட் லாரி டிரைவர் வரை அதையே பேசினார்கள். ராஜா என்று பெயருள்ள அப்பாவிகள் அந்த ஒரு வருஷம் பட்ட பாடு சொல்லி முடியாது. ஆனால் எத்தனையோ துண்டுப்பிரசுரம் செய்யாத வேலையை அந்த ஒரு வரி செய்தது: பேசவே கூடாத வார்த்தையை டீக்கடையில் சத்தமாகச் சொல்ல வைத்தது.

கேள்வி பாதியில் நின்றதுதான் குறை. வருமா என்று கேட்டவர்கள், வந்தால் எந்த வகை, எந்த மாத்திரை, அப்புறம் என்ன ஆவார் என்று கேட்கவில்லை. வந்தால் செத்துப்போவார் என்பது ஊரின் முடிவு. கதையில் தப்பு செய்தவன் வேறு என்ன ஆவான்?

புள்ளிராஜாவுக்கு வந்தது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது அறுபதை நெருங்கியிருப்பார். புத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று கிட்டிலும் ரியாக்டிவ், எச்.ஐ.வி.-1, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நிச்சயமாக ‘சி’. தினம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை. ஆறு மாதத்தில் வைரல் லோட் கருவிக்கு அகப்படாத அளவுக்குப் போயிருக்கும். அப்படியே இருக்கும்வரை உடலுறவு மூலம் மனைவிக்குப் பரவாது. 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி அவரை வேலையை விட்டு நீக்கவும் முடியாது, அவர் விஷயத்தை ஊரில் தண்டோரா போடவும் முடியாது. பி.பி. மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் பற்றித்தான் மனிதர் புலம்புகிறார். மூன்றில் அதிகத் தொல்லை கொடுப்பது காப்பியில் சர்க்கரை போடக்கூடாது என்பதுதானாம். போன மாதம் பேத்திக்குக் காது குத்தினார்; மடியில் உட்கார வைத்துக்கொண்டது அவர்தான். இருபது வருஷமாகக் காத்திருந்த ஊருக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.